விண்டோஸ் 11-க்கு மாறினால் பழைய ஸ்கேனரும் கணக்கு மென்பொருளும் வேலை செய்யுமா?

தூசிதட்டி:

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். அலுவலகத்தில் ஒரு மேசைக் கணினி, விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது என்று தெரிந்தும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், இனிமேலும் தள்ள மனசு வரவில்லை. பிராசசர் இன்டெல் ஐ5, எட்டாம் தலைமுறை. ராம் 8 ஜிபி போட்டிருக்கிறேன், ஆனால் 3.4 ஜிபிதான் பயன்படுத்தலாம் என்று காட்டுகிறது, மதர்போர்டில் ஏதோ கோளாறு போல, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

என் கவலை மூன்று. முதலாவது ஒரு பழைய ஃப்ளாட்பெட் ஸ்கேனர். தயாரித்தவர்களின் தளத்தில் கடைசியாக இருப்பது விண்டோஸ் 7-க்கான டிரைவர், அதைத்தான் இப்போது 10-இல் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன், ஒரு குறையும் இல்லை. (விண்டோஸ் போட்டுக்கொடுத்தவர் "இந்த ஸ்கேனர் ஓடணும்னா இப்படித்தான் போடணும்" என்று ஏதோ சொன்னார், என்ன செய்தார் என்று எனக்குப் புரியவில்லை.)

இரண்டாவது கணக்கு மென்பொருள். சீடியில் வந்தது, எழுதியவர் தொழிலையே விட்டுவிட்டார், புதிய பதிப்பு என்ற பேச்சே கிடையாது. உறவினர் ஒருவரின் விண்டோஸ் 11 லேப்டாப்பில் அந்த சீடியின் செட்அப்பைத் தட்டிப் பார்த்தேன், "இந்த ஆப் உங்கள் கணினியில் இயங்காது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. கம்பாட்டிபிலிட்டி மோடில் எக்ஸ்பி, 98 எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று, அதே பதில்தான். இதில் இன்னொரு வினோதம், என் கணினியிலேயே ஒருமுறை அதை "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுத்துத் திறந்தால் பல வருடத்துக்கு முந்தைய கணக்கு வந்து நின்றது, பயந்துபோய் மூடிவிட்டேன். சாதாரணமாகத் திறந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது.

மூன்றாவது பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள், அதற்கென்று தனி எழுத்துரு, யூனிகோடு இல்லை.

கணினி 11-க்குத் தகுதியா என்று பார்க்கும் பிசி ஹெல்த் செக் போட்டால் செக்யூர் பூட் (நம்பகமில்லாத மென்பொருள் பூட் ஆவதைத் தடுப்பது) இல்லை, டிபிஎம் (பாதுகாப்புச் சிப்) இல்லை என்று சிவப்பாகக் காட்டுகிறது. அதைத் தாண்டிப்போக வழி இருக்கிறதாமே? அப்படியே மேலே 11-ஐப் போட்டால் இருக்கிறதெல்லாம் இருந்தபடியே இருக்குமா?

நீலத்திரை:

ரொம்ப யோசிக்காதீர்கள். 11 என்பது பெயரளவில்தான் 11, உள்ளே கேட்டால் இன்றும் தன்னை 10.0 என்றுதான் சொல்லும், பில்டு எண் மட்டும் 22000-க்கு மேல். 10-இல் ஓடுகிற டிரைவர் நூற்றுக்குத் தொண்ணூறு 11-இலும் ஓடும். எக்ஸ்பியிலிருந்து விஸ்டாவுக்குப் போனபோது பட்ட பாடு இப்போது கிடையாது. ரூஃபஸ் என்ற மென்பொருளில் நிறுவல் பென்டிரைவ் தயாரிக்கும்போது டிபிஎம், செக்யூர் பூட் சோதனையைத் தூக்கிவிடும் டிக் இருக்கிறது, போட்டு அப்கிரேடு கொடுங்கள். பிடிக்கவில்லை என்றால் 10 நாளுக்குள் திரும்பி வந்துவிடலாம். நான் மூன்று கணினியில் இப்படித்தான் செய்தேன்.

பிட்கணக்கு:

நீலத்திரை சொன்னது பொதுவாகச் சரி, ஆனால் இவர் விஷயத்தில் அப்படியே செய்தால் மாட்டிக்கொள்வார். 8 ஜிபி போட்டு 3.4 தெரிகிறது என்றால் மதர்போர்டு பாவம், அதன்மேல் பழி போடாதீர்கள். உங்களிடம் இருப்பது 32 பிட் விண்டோஸ் 10, அதற்கு 4 ஜிபிக்கு மேல் ராம் எட்டாது. செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் போய் சிஸ்டம் டைப் வரியைப் பாருங்கள், "32 பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம், x64 பிராசசர்" என்று இருக்கும். ஸ்கேனருக்காக "இப்படித்தான் போடணும்" என்று அவர் சொன்னது இதைத்தான். அந்த ஸ்கேனருக்கு 32 பிட் டிரைவர் மட்டும்தான் கிடைத்திருக்கும், அதற்காக முழுக் கணினியையும் 32 பிட்டாக்கி, நீங்கள் வாங்கிய ராமில் பாதிக்கு மேல் வீணாக்கிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, அன்றைக்கு வேலை நடந்ததல்லவா.

விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே இல்லை. 32-இலிருந்து 64-க்கு "அப்படியே மேலே போடுவது" என்ற வழியும் இல்லை, எந்த டிக் போட்டாலும் சரி. புதிதாகத்தான் நிறுவ வேண்டும். அதாவது நிரல்கள் எல்லாம் போகும், அந்த 10 நாள் திரும்பி வரும் வசதியும் இருக்காது, அது அப்கிரேடு செய்தவர்களுக்கு மட்டும். அப்கிரேடு செய்யும்போது செட்அப் உட்கார்ந்து ஒத்துவராத மென்பொருளைத் தேடிச் சொல்லுமே, அந்த எச்சரிக்கையும் புதிய நிறுவலில் வராது. எல்லாம் முன்கூட்டியே நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

டிபிஎம் விஷயம் எளிது. எட்டாம் தலைமுறை இன்டெல்லில் அது சிப்செட்டுக்குள்ளேயே இருக்கும், பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) பிடிடி என்ற பெயரில் அணைந்து கிடக்கும் (ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம்). செக்யூர் பூட் தெரியாததற்குக் காரணம் பெரும்பாலும் பழைய லெகசி முறையில் பூட் ஆவது. எப்படியும் புதிதாக நிறுவப்போகிறீர்கள், புதிய பூட் முறையான யூஇஎஃப்ஐ-க்கு மாற்றி இரண்டையும் ஆன் செய்தால் நேர்வழியிலேயே 11 ஏறும். குறுக்குவழி உங்களுக்குத் தேவையே இல்லை. ஆனால் ஒன்று, லெகசியிலிருந்து மாற்றிய நொடியில் இப்போதுள்ள விண்டோஸ் பூட் ஆகாது, பதறாதீர்கள், திரும்ப மாற்றினால் வரும்.

இப்போது மென்பொருள். 64 பிட் விண்டோஸில் 32 பிட் நிரல் ஓடும், அதற்கென்று உள்ளேயே ஒரு அடுக்கு இருக்கிறது. 16 பிட் நிரல் ஓடாது. 32 பிட் டிரைவர் விண்டோஸின் மையமான கெர்னலுக்குள் ஏறவே ஏறாது. இந்த மூன்று வாக்கியத்தையும் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கம்பாட்டிபிலிட்டி மோடு செய்வது பெரும்பாலும் நிரலிடம் "இது எக்ஸ்பிதான்" என்று பொய் சொல்வது, வேறு சில சின்ன ஒட்டுவேலைகள், அவ்வளவுதான். அது 16 பிட்டை 32 ஆக்காது, டிரைவர் பக்கம் எட்டியும் பார்க்காது.

உங்கள் சீடியின் செட்அப் 16 பிட்டாக இருக்க வேண்டும். அதற்காக நிரலே 16 பிட் என்று முடிவுகட்டாதீர்கள். அந்தக் காலத்தில் 32 பிட் நிரலை எழுதிவிட்டு, அதைப் பொட்டலம் கட்ட மட்டும் பழைய 16 பிட் நிறுவியைப் பயன்படுத்துவது சர்வசாதாரணம். வாசல்தான் குறுகல், வீடு சரியாகவே இருக்கும். எப்படிச் சோதிப்பது என்றால், செட்அப்பை விடுங்கள், உங்கள் கணினியில் ஏற்கெனவே நிறுவியிருக்கும் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் எடுத்துப்போய் அந்த லேப்டாப்பில் முதன்மை இஎக்ஸ்இ கோப்பை நேராகத் திறந்து பாருங்கள். மறுபடி "இயங்காது" என்றால் 16 பிட், வேறு வழி தேட வேண்டும். மாறாக "இந்த ஓசிஎக்ஸ் கிடைக்கவில்லை", "அந்த டிஎல்எல் இல்லை" என்று புலம்பினால் அது நல்ல செய்தி, நிரல் உள்ளே வந்துவிட்டது, அதற்கு வேண்டிய துணைக்கோப்புகள்தான் பாக்கி. அவற்றை இப்போதைய கணினியின் சிஸ்டம்32-இலிருந்து எடுத்து, புதியதில் சிஸ்வாவ்64 ஃபோல்டரில் போட்டு, அங்கேயே இருக்கும் ரெக்எஸ்விஆர்32-ஆல் பதிவு செய்ய வேண்டும். ஆமாம், 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32-க்குள் இருப்பது 64 பிட் கோப்புகள், சிஸ்வாவ்64-க்குள் இருப்பது 32 பிட் கோப்புகள். பெயர் வைத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

எதில் எழுதியது என்று தெரியுமா? விஷுவல் பேசிக் 6 என்றால் கவலையே வேண்டாம், அதன் ரன்டைம் 11-இலும் இருக்கிறது.

லினக்ஸ்பக்கம்:

ஸ்கேனர் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை பிட்கணக்கு பார்த்துக்கொள்வார்.

64 பிட் டிரைவர் இல்லை என்றதும் தூக்கிப்போட வேண்டாம். ஸ்கேனர்களில் கெர்னலுக்குள் போகிற பகுதி பெரும்பாலும் விண்டோஸின் சொந்தக் கோப்புதான், தயாரிப்பாளர் தருவது ஒரு ஐஎன்எஃப் கோப்பும் (நிறுவல் குறிப்பு) சில டிஎல்எல்களும். பாழாய்ப்போன அந்த டிஎல்எல்கள் 32 பிட்டில் மட்டும் இருப்பதால்தான் சிக்கல். ஆகவே ஸ்கேனரிடம் நேரடியாகப் பேசத் தெரிந்த வேறு மென்பொருள் கிடைத்தால் பெட்டி உயிர்பெறும். வ்யூஸ்கேன் அப்படிப்பட்டது, காசு கொடுத்து வாங்குவது, ஆனால் வாங்காமலே சோதிக்கலாம், படத்தின் மேல் முத்திரை விழும், அவ்வளவுதான். உங்கள் மாடல் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது வழி லினக்ஸில் ஸ்கேனர்களை இயக்கும் சேன் என்ற மென்பொருள். அதன் தளத்தில் மாடல் வாரியாகப் பட்டியல் இருக்கிறது, முழுமை, நன்று, அடிப்படை, ஆதரவில்லை என்று தரம் பிரித்துப் போட்டிருப்பார்கள். ஏதாவது ஒரு லினக்ஸை பென்டிரைவிலிருந்து லைவாக பூட் செய்து, எதையும் நிறுவாமலே, ஸ்கேனர் தெரிகிறதா என்று ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். உங்கள் வட்டில் ஒரு எழுத்துகூட மாறாது.

மூன்றாவது விர்ச்சுவல் மெஷின், அதாவது கணினிக்குள் மென்பொருளால் இன்னொரு கணினி. 64 பிட் விண்டோஸ் 11-க்குள் விர்ச்சுவல்பாக்ஸ், அதற்குள் 32 பிட் விண்டோஸ் 10, ஸ்கேனரை யூஎஸ்பி வழியாக உள்ளே தள்ளிவிடுவது. விண்டோஸின் சொந்த ஹைப்பர்-வி இதற்கு ஆகாது, யூஎஸ்பி கருவியை நேராக உள்ளே விடாது. உள்ளே போடும் விண்டோஸுக்கும் தனி உரிமம் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அதற்கு இணைய இணைப்பு மட்டும் கொடுக்க வேண்டாம், ஸ்கேன் செய்த படங்கள் ஒரு பகிர்வு ஃபோல்டரில் விழுந்தால் போதும். கணக்கு மென்பொருள் நிஜமாகவே 16 பிட்டாக இருந்தாலும் இதே அறைக்குள் அதையும் குடிவைத்துவிடலாம்.

நீலத்திரை:

32 பிட் என்பதை நான் கவனிக்கவில்லை, 3.4 என்று எழுதியிருந்ததைப் படித்தும் கோட்டைவிட்டேன். பிட்கணக்கு சொன்னபடியே செய்யுங்கள்.

டிரைவர் பற்றி ஒன்று சேர்க்கிறேன். எங்கேயாவது தேடி ஒரு 64 பிட் டிரைவரைப் பிடித்துவிட்டால், போட்ட பிறகு டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வந்தால் சும்மா "வேலை செய்யவில்லை" என்று நிற்காமல் எண்ணைப் பாருங்கள். 28 என்றால் டிரைவரே ஏறவில்லை. 52 என்றால் டிஜிட்டல் கையொப்பம் ஏற்கப்படவில்லை. 10 என்றால் ஏறிவிட்டது, கருவி எழுந்திருக்க மறுக்கிறது. இந்த 10-ஐ வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தேன். யூஎஸ்பியை சீரியல் போர்ட்டாக்கும் கேபிள், 10-இல் அருமையாக ஓடியது, 11-இல் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு செத்துவிட்டது. கேபிள் போய்விட்டது என்று புதிது வாங்க இருந்தேன். பார்த்தால் விண்டோஸ் தானாகவே புதிய டிரைவரை இறக்கியிருக்கிறது, அந்தப் புதிய டிரைவர் பழைய சிப்பைக் கைவிட்டுவிட்டது. அப்டேட் டிரைவர், பிரௌஸ், "என் கணினியில் உள்ளவற்றிலிருந்து தேர்ந்தெடு" என்று போய்ப் பழைய பதிப்பைத் தொட்டதும் உயிர் வந்தது. புதியதுதான் நல்லது என்ற நினைப்பு டிரைவரில் செல்லாது.

52 வந்தால் எஃப்7 அழுத்திக் கையொப்பச் சோதனையை அணைத்து பூட் செய்யச் சொல்லி வீடியோக்கள் நிறைய உண்டு. அடுத்த ரீஸ்டார்ட்டில் சோதனை திரும்ப வந்துவிடும், தினமும் எஃப்7 அழுத்திக்கொண்டிருக்க முடியுமா?

பிட்கணக்கு:

அதோடு மெமரி இன்டெக்ரிட்டியையும் பாருங்கள், கெர்னலைக் காக்கும் ஒரு பாதுகாப்பு வசதி அது. விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன். இந்த வயதுக் கணினிகளில் புதிதாக 11 போட்டால் பெரும்பாலும் அது ஆன் ஆகியே வரும். கையொப்பம் சரியாக இருந்தும் பழைய டிரைவர் ஏற மறுத்தால் காரணம் அங்கே இருக்கலாம். அணைத்தால் ஓடும், ஆனால் ஒரு ஸ்கேனருக்காக அதை அணைக்க நான் சொல்ல மாட்டேன், லினக்ஸ்பக்கம் சொன்ன வழிகள் இருக்கும்போது.

எதற்கும்பேக்கப்:

எல்லாரும் டிரைவரையே பேசுகிறீர்கள், அவர் எழுதியதில் ஆபத்தான வரி வேறு. "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்தால் பழைய கணக்கு வருகிறது" என்றாரே. தூசிதட்டி, வட்டை அழிக்கும் முன் இதைப் படியுங்கள்.

பழைய நிரல்கள் தங்கள் தரவைத் தாங்கள் இருக்கும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே எழுதும். விஸ்டாவிலிருந்து சாதாரணப் பயனருக்கு அங்கே எழுத அனுமதி இல்லை. எழுத விடாவிட்டால் அந்த நிரல்கள் எல்லாம் படுத்துவிடும் என்பதால் மைக்ரோசாஃப்ட் ஒரு தந்திரம் செய்தது. நிரல் அங்கே எழுதப் போனால் சத்தமில்லாமல் திருப்பிவிட்டு, யூசர்ஸ் ஃபோல்டரில் உங்கள் பெயருக்குள், ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்தில் எழுத வைக்கும். நிரலுக்கு இது தெரியாது, புரோகிராம் ஃபைல்ஸில்தான் எழுதுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும். அட்மினாகத் திறந்தால் இந்தத் திருப்பல் நடக்காது, நிஜ ஃபோல்டரில் உறைந்துபோய்க் கிடக்கும் பழைய கோப்பைத் திறந்துவிடும். நீங்கள் பார்த்த பழைய கணக்கு அதுதான்.

ஆக, பேக்கப் என்று புரோகிராம் ஃபைல்ஸில் உள்ள ஃபோல்டரை மட்டும் எடுத்துவைத்தால் உங்களிடம் இருப்பது பழைய கணக்கு, இத்தனை வருடக் கணக்கும் அழிந்த வட்டோடு போய்விடும். ஆப்டேட்டா மறைவான ஃபோல்டர் என்பதால் கண்ணிலும் படாது. கணினியில் வேறு பயனர் பெயர்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி விர்ச்சுவல்ஸ்டோர் உண்டு, அதையும் பாருங்கள். புதிய கணினியில் நிரலை புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைக்காமல் சி டிரைவில் நேராக ஒரு ஃபோல்டர் போட்டு வையுங்கள், இந்தக் கண்ணாமூச்சியே இருக்காது.

முடிந்தால் பழைய வட்டை அழிக்கவே வேண்டாம். புதிய எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு அதில் 11-ஐ நிறுவுங்கள். பழையதைக் கழற்றி வையுங்கள். ஏதாவது தவறினால் மறுபடி மாட்டி, பயாஸைப் பழைய முறைக்கு மாற்றினால் அதே கணினி திரும்ப வரும்.

தூசிதட்டி:

எதற்கும்பேக்கப் அவர்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஏற்கெனவே பேக்கப் எடுத்து வைத்திருந்தேன், நீங்கள் சொன்ன அதே புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரை. திறந்து பார்த்தால் தரவுக் கோப்பின் தேதி நிறுவிய வாரத்தோடு நிற்கிறது. விர்ச்சுவல்ஸ்டோரில் நேற்று மாலைத் தேதியோடு இன்னொன்று. உட்கார்ந்துவிட்டேன்.

மற்றபடி நடந்தது: சிஸ்டம் டைப்பில் 32 பிட் என்றுதான் இருந்தது. லேப்டாப்பில் ஃபோல்டரை எடுத்துப்போய்த் திறந்தேன், ஒரு ஓசிஎக்ஸ் இல்லை என்று கேட்டது, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு எரர் மெசேஜைப் பார்த்து சிரித்தேன். விஷுவல் பேசிக்தானாம். புதிய எஸ்எஸ்டி போட்டு, பிடிடி ஆன் செய்து, 11 ஏறிவிட்டது. ஒரே எடிஷன் என்பதால் உரிமமும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிட்டது. ராம் முழுதாக 8 ஜிபி தெரிகிறது. மொத்தம் நான்கு கோப்புகளைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது, கணக்கு திறக்கிறது. ஸ்கேனர் லைவ் லினக்ஸில் உடனே தெரிந்தது, வ்யூஸ்கேனிலும் வருகிறது, வாங்கிவிடலாம் என்றிருக்கிறேன்.

இரண்டு பாக்கி. தமிழ்த் தட்டச்சு மென்பொருள் கணக்கு நிரலுக்குள் தட்டினால் தமிழ் வருகிறது, பிரௌசரிலும் நோட்பேடிலும் ஆங்கிலமாகவே விழுகிறது. இன்னொன்று, மாதாந்திர அறிக்கை மட்டும் "டேட்டா சோர்ஸ் இல்லை" என்கிறது, ஆனால் ஓடிபிசி-யில் (நிரலைத் தரவோடு இணைக்கும் விண்டோஸ் வசதி) பழைய பெயரிலேயே சேர்த்துவிட்டேன்.

பிட்கணக்கு:

தட்டச்சு: அது 32 பிட் ஹூக் (மற்ற நிரல்களுக்குள் நுழைந்து விசைகளைப் பிடிப்பது), 64 பிட் நிரலுக்குள் தன் டிஎல்எல்லை நுழைக்க முடியாது. கணக்கு நிரல் 32 பிட் என்பதால் அங்கே வேலை செய்கிறது. பழைய எழுத்துருவை அதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடத்துக்கு விண்டோஸிலேயே இருக்கும் தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அஞ்சல் என்ற விசைப்பலகையும் இருக்கிறது. பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவது தனிக் கதை, அதற்குத் தனியாகக் கேளுங்கள், எழுத்துருவின் பெயரையும் சொல்லுங்கள்.

ஓடிபிசி: 64 பிட்டில் சேர்த்திருப்பீர்கள். ஸ்டார்ட்டில் ஓடிபிசி என்று தட்டினால் இரண்டு வரும், 32 பிட் என்று போட்டிருப்பதைத் திறந்து அங்கே சேருங்கள்.

தூசிதட்டி:

சேர்த்தேன், அறிக்கை வந்துவிட்டது. போன மாத மொத்தத்தைப் பழைய அச்சுப்பிரதியோடு ஒப்பிட்டும் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது. பழைய வட்டு டிராயரில்.